உப்புதான் அடைச்சிருக்கு

கடல்மீன் தொட்டியில் அன்று விடிந்தபோது பம்ப் நின்றுபோயிருந்தது. தண்ணீர் அசையவில்லை. மீன்களுக்கு மூச்சு முட்டியது.

கோமாளி மீன் வந்து கத்தியது. "ஏ பம்பு, என்ன முனகிக்கிட்டு நிக்கிற? சுத்தித் தொலையேன்! நான் படுக்கிற கடல் சாமந்தியைக் காலையிலேர்ந்து காணோம். தேடக்கூட மூச்சு இல்ல."

"முடியலம்மா."

"ஏன் முடியல?"

பம்ப் கொஞ்சம் தயங்கியது. "உப்புதான் அடைச்சிருக்கு."

"சோம்பேறிக்கு ஒரு சாக்கு!" என்று திட்டிவிட்டு மீன் மறுபடி தேடப் போனது.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்து பம்பை வெளியே எடுத்துக் கழற்றினார். இடம் மாற ஊர்ந்து வந்த, பூப்போன்ற அந்தக் கடல் உயிரான சாமந்தி இழுபட்டு, உள்ளே சுழலும் இறக்கையில் கந்தலாகச் சுற்றியிருந்தது. அதை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு பம்பை மாட்டினார். தண்ணீர் ஓடத் தொடங்கியது.

கோமாளி மீன் மெதுவாக அருகே வந்தது. "அண்ணே, ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. இந்தத் தொட்டித் தண்ணி மொத்தமும் உங்க வழியாத்தானே போகுது? எங்க சாமந்தி அந்தப் பக்கம் வந்தாளா?"

காதில் விழாததுபோல, பம்ப் இன்னும் சத்தமாகச் சுற்றியது.