கத்தி தேறினால்

“செத்துத் தொலையேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மறுபடி ஓங்கி வெட்டினார். மதில் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரின் தலை சட்டென்று மறைந்தது.

மரக்கட்டையைத்தான் திட்டுகிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டாள். காலையிலிருந்து கொல்லைப்புறத்தில் நின்று கைபேசியில் படம் பிடிப்பது அவள் வேலை. பெருமூச்சு பதிவாகக் கூடாது என்பது அவர் உத்தரவு.

மனிதர் டைல்ஸ் கடை மேலாளர். ஏசி கொஞ்சம் குறைந்தாலே வியர்த்துக் கொட்டும் உடம்பு, மாடிப்படியைப் பார்த்தாலே முனகும் முழங்கால். மூன்று மாதம் முன்பு கடையின் ஆண்டுவிழாவில் மைக் கைக்கு வந்த மயக்கத்தில், தன்னந்தனியாக மூன்று நாள் காட்டில் இருக்கப்போவதாக அறிவித்துவிட்டார். கூடாரம் கிடையாது, தீப்பெட்டி கிடையாது. கையால் அடித்த பெரிய வெட்டுக்கத்தி ஒன்று மட்டும். அன்றிலிருந்து கடையில் அவருக்குக் ‘கமாண்டர்’ என்று பெயர்.

மறுநாளே ஒரு நிபந்தனையும் சேர்த்தார். “கத்தி தேறினாத்தான் போவேன். ஆயுதம் சரியில்லாம காட்டுக்குள்ள போறவன் வீரன் இல்ல, முட்டாள்.” அதற்கும் கைதட்டினார்கள்.

முதல் கத்தி பத்து கிராம் கனம் கூட என்று அடித்த கொல்லரிடமே திரும்பிப் போனது. இரண்டாவதன் பிடி உள்ளங்கையோடு பேசவில்லையாம், அதுவும் போனது. பயணம் இரண்டு முறை தள்ளிப்போனதில் மனைவிக்கு நிம்மதி. எதிலும் இந்த மனுஷருக்கு ஒரு கறார் உண்டு என்று உள்ளூரப் பெருமையும்கூட.

இது மூன்றாவது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, முழங்கை நீளம். இந்தத் தடவை டைல்ஸ் கடை ஆட்கள் உஷாராகிவிட்டார்கள். வாய்ச்சொல் செல்லாது, கத்தி தேறவில்லை என்றால் வீடியோவில் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாளை காலை ஐந்து மணிக்கு வேன் வருகிறது. காட்டு வாசல் வரை கொண்டுபோய்விட்டு மாலை போட்டு அனுப்புவார்களாம்.

மாலை என்ற சொல்லே அவளுக்கு அபசகுனமாகப் பட்டது. குளியலறையில் துண்டு எங்கே என்று தேடத் தெரியாத மனிதர், பிரஷர் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தால்தான் விழுங்குவார். காட்டில் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அவரும் நாலு நாளாகப் படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார். ஆசை தூங்கவிடவில்லை போலும்.

கட்டை இரண்டாகப் பிளந்தது. அவர் கத்தியின் விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோய், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துழாவினார். ஒரு பல்கூட விழவில்லை. “தேறியது” என்று கேமராவுக்குச் சொன்னார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். நிபுணர்கள் சிரிக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

பழைய டயரை வெட்டினார். தேறியது. தண்ணீர்க் குழாயை வெட்டினார். தேறியது, மோட்டாரை நிறுத்த அவள் ஓட வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது பின்பக்கக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் ஓங்கி வெட்டிக்கொண்டிருந்தார்.

“காட்டுல ஏதுங்க தாழ்ப்பாள்?”

“எதுக்கும் தயாரா இருக்கணும்.”

தாழ்ப்பாள் துண்டாகிக் கீழே விழுந்தது. கத்தி பளபளவென்று அப்படியே இருந்தது. அவர் அதை வெறித்துப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அவள் கைபேசியை வைத்தாள். எடுத்தாள். அடுப்பங்கரைக்கும் கொல்லைக்குமாக நாலு நடை நடந்தாள். பிறகு கத்தியைத் துண்டில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருக்கும் கொல்லர் பட்டறைக்கு விரைந்தாள்.

கொல்லர் உலை முன்னாலிருந்து எழுந்து வந்து துண்டைப் பிரித்தார். விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். தாழ்ப்பாள் விஷயம் கேட்டதும் முகத்தில் ஒரு கர்வம் வந்து போனது.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க” என்று ஆரம்பித்தவள், மூச்சு விடாமல் கொட்டிவிட்டாள். முழங்கால், மாத்திரை, வேன், மாலை எல்லாம். சாயங்காலத்துக்குள் இதே அளவில் இன்னொன்று வேண்டும். பார்க்க அச்சு அசலாக இருக்க வேண்டும். ஆனால் நாளைக் காலை எல்லோர் முன்னாலும் கடைசியாக ஒரு தடவை வெட்டிக் காட்டும்போது, ஒரே அடியில் இரண்டாக உடைய வேண்டும். “அவர் ஆசையில மண்ணைப் போடுறேன்தான். தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டார். ஆனா ஆள் வீட்டுல இருப்பாரே.”

கொல்லர் கத்தியைத் துடைத்து, பத்திரமாகத் துண்டில் சுற்றி அவள் கையிலேயே திரும்ப வைத்தார்.

“உடையுற கத்தி அடிக்க எனக்குக் கை வராதுக்கா. சார்கிட்டயும் மூணு தடவை அதையேதான் சொன்னேன்.”