சிவப்பு மண்

கிவு மலையில் நண்பகல் வெயில். எடை போடும் தகரக் கொட்டகை தகிக்கிறது. தராசில் குழி முதலாளி பியாமுங்குவின் வெள்ளீயத் தாது மூட்டை. எந்தக் குழியில் எடுத்த தாது என்று காட்டும் பார்கோடு வில்லையை மாட்டுவது என் வேலை. மூட்டையில் ஒட்டிய மண்ணை விரலில் தேய்க்கிறேன். ரத்தச் சிவப்பு. அனுமதி பெற்ற எங்கள் மேட்டு மண் சாம்பல் நிறம். இந்தச் சிவப்பு, அரசு மூடச் சொல்லியும் இவன் மூடாத குழியில்தான் உண்டு. போன மழையில் என் தம்பி முகிஷோ அதற்குள் புதைந்தான். தோண்டிப் பார்க்கக்கூட இவன் விடவில்லை.

"என்ன தங்கச்சி, மண்ணுல தங்கமா தேடுற? உங்க மேட்டுச் சரக்குன்னு போட்டு விடு." சுட்ட ஆட்டுக்கறிப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்துகிறான். காகிதத்தில் கொழுப்பு பரவுகிறது. "போட்டுடலாம் அண்ணே." வில்லையை மூட்டையின் கழுத்தில் கோத்து இழுக்கிறேன். கடக்கென்று பூட்டுகிறது. கைக்கருவியில் 'எடுத்த இடம்' என்ற கட்டத்தில் அவன் குழியின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்புகிறேன். பச்சை விளக்கு எரிகிறது.

"முடிஞ்சுதா?" பல் குத்திக்கொண்டே கேட்கிறான்.

"முடிஞ்சுது. வாங்குறவன் எந்த நாட்டுல இருந்து பாத்தாலும் உன் குழி பேருதான் தெரியும். என்னாலயே அழிக்க முடியாது. அன்னிக்கு என்னைத் தோண்ட விடலையே நீ? இனி மூடச் சொன்ன அரசாங்க ஆளுங்களே வந்து தோண்டுவாங்க. கறி ஆறுது, தின்னு."