ஒரு கட்டை மவுத் ஆர்கன்

‘உதட்டில் வைத்தால் வாங்கியாக வேண்டும்’ என்று லிப்கின் தன் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருந்தார்.

வெர்லீன் உதட்டில் வைக்கவில்லை. கைத்துருத்தியைக் கேட்டு வாங்கி, ஒரே சுருதியுள்ள ஐந்து மவுத் ஆர்கன்களை ஒவ்வொன்றாக அதில் பொருத்தி, துளை துளையாக ஊதவிட்டும் இழுக்கவிட்டும் பார்த்தாள்.

ஊதும்போது எல்லாமே நல்ல பிள்ளைகள்தான். காற்றை உள்ளே இழுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். ப்ளூஸ் இசை முழுக்க இருப்பது அந்த இழுப்பில்.

முதலாவது, இரண்டாம் துளையில் இருமியது. அடுத்ததைத் தூக்கிப் பிடித்தால் மேல் தகட்டுக்கும் உள்ளே இருக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. காற்றெல்லாம் அந்த வழியாகவே ஓடிவிடும். மூன்றாவதில் மரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு பாட்டு முடிவதற்குள் உதட்டைக் கிழித்துவிடும். நான்காவதில் குறை ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் வால்ட்ஸ் வாசிக்கலாம், சர்ச்சில் வாசிக்கலாம். அவ்வளவு சாது அது.

ஐந்தாவது, இரண்டாம் துளையை இழுத்ததும் அடித்தொண்டையில் பேசியது.

“இது போதும், முதலாளி.”

லிப்கின் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். “ஏம்மா, கிட்டார்கார ஹோசியாகூடத்தானே வாசிக்கப் போற? மூணு கட்டை சுருதியில பாடறவனுக்கு ஆறு கட்டை எடுக்கணும். இது ஒரு கட்டை. அசிங்கப்பட்டுட்டு வந்து என் கடை வாசல்ல அழாதே.”

அவர் சொன்னது சரிதான். பாட்டின் சுருதியிலேயே மவுத் ஆர்கன் வாங்குகிறவன் கற்றுக்குட்டி. பாட்டின் கட்டையிலிருந்து எண்ணி நாலாவது கட்டையில் வாங்கி இழுத்து வாசிக்கிறவன்தான் ப்ளூஸ்காரன். மேக்ஸ்வெல் தெருவில் சாஸேஜ் விற்கிறவனுக்குக்கூட இது தெரியும்.

வெர்லீனிடம் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது.

அவள் அந்த ஐந்தாவதை எடுத்து உதட்டில் வைத்தாள்.

தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கூடிவிட்டிருந்தது. ஹோசியா வழக்கமான இடத்தில், வழக்கமான தொப்பியோடு, கிட்டாரை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து கிளம்பிய வயர் பின்னாலிருந்த வீட்டுச் சுவரில் ஏறி, திரை போட்ட ஒரு ஜன்னலுக்குள் போனது. அந்தத் தெருவில் எல்லா வாத்தியக்காரனுக்கும் ஏதோ ஒரு வீட்டு ஜன்னல்தான் கரண்டு கொடுக்கிறது.

அவன் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவனோடு ஒரு முழுப் பாட்டு தாக்குப்பிடிக்கிற ஆளுக்கு அந்த நாற்காலி. கூடவே வெள்ளி, சனியில் மதுக்கடை வாசிப்பு. வெர்லீனுக்குக் கிடைத்தால் அவள் வேலை பார்க்கும் லாண்டரியில் ஆவி இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிடைக்காவிட்டால் நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடியும் ஆவிதான்.

“வந்துட்டியா தங்கச்சி? சமையல் யார் பாக்கறா?” என்றான் ஹோசியா. கூட்டம் சிரித்தது. மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தான்.

மூன்று கட்டை. போன வாரம் அவளிடம் அவன் சொன்ன அதே மூன்று கட்டை.

வெர்லீன் மவுத் ஆர்கனை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. போச்சு, என்று நினைத்தாள்.

நான்கு சுற்று வாசித்துவிட்டு ஹோசியா சட்டைப் பையில் கைவிட்டான். எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் ஒரு கவ்வியை எடுத்துக் கிட்டாரின் கழுத்தில் மூன்றாவது மெட்டுக்கம்பியில் இறுக்கினான். மூன்று கட்டை ஐந்து கட்டையாக ஏறிவிட்டது.

முன்வரிசைக்காரர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். இதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்! புது ஆள் வந்தால் கவ்வி ஏறும். எந்த மெட்டில் என்பது ஒவ்வொரு தடவையும் வேறு. இரண்டு வருடத்தில் பதினோரு பேர் ஆறு கட்டை மவுத் ஆர்கனோடு வந்து விழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“பாட்டு போற இடத்துக்கு வரணும், தங்கச்சி.”

ஐந்து, ஆறு, ஏழு, மறுபடி ஒன்று: ஐந்து கட்டைப் பாட்டுக்கு ஒரு கட்டை மவுத் ஆர்கன்.

வெர்லீன் இரண்டாம் துளையை இழுத்தாள்.

சாஸேஜ்காரன் வெங்காயம் புரட்டுவதை நிறுத்தினான். ஹோசியாவின் விரல் ஒரு தடவை தடுக்கியது. அவள் அவனை விடவில்லை. அவன் பாடிய ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னாள். அவன் பாடாமல் விட்ட இடத்தில் எதிர்க்கேள்வி கேட்டாள். நாலாம் துளையை வளைத்து வளைத்து இழுத்தபோது யாரோ ஒரு கிழவர் “அப்படிப் போடு!” என்று கத்தினார். சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

பாட்டு முடிந்தது. தெரு இரைந்தது. ஹோசியா தானே எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். நல்ல மனிதன்தான், தோற்றால் ஒப்புக்கொள்வான்.

“யாரு சொன்னா உனக்கு?”

“நீங்கதான்.”

அவள் உட்காரவில்லை. மவுத் ஆர்கனைப் பையில் போட்டுக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தாள். பின்னாலிருந்த வீட்டின் இரண்டு படி ஏறி, இடுப்பிலிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

ஜன்னல் திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. விரல்களில் அவனுடைய வயர். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் “பிடிம்மா” என்று நீட்டினால் வாங்கிக்கொள்கிற கை. அதற்குமேல் அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை. வயரைக் கொடுத்துவிட்டு, தெருவுக்கு முதுகு காட்டி, ஜன்னலுக்கு நேரே, அன்றைய மெட்டில் கவ்வியை மாட்டி மெதுவாக ஒரு சுற்று வாசித்துப் பார்த்துக்கொள்வான். இன்று காலையும் அப்படித்தான்.

திரை விலகியது.

“அடுத்த பாட்டு எத்தனை கட்டைண்ணே?” என்றாள் வெர்லீன். “நெசத்தைச் சொன்னாத்தான் கரண்டு.”