இரவல் பேனல்

"மழையில பைக் சறுக்கிடுச்சு டாக்டர்," என்றான் அண்ணன். மார்பிலிருந்து இடுப்புவரை கட்டுப் போட்டிருந்தார்கள். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, வாயைத் திறந்துவிடாதே என்று கெஞ்சினான்.

டாக்டர் அவன் உள்ளங்காலில் பேனா முனையால் குத்தினார். "தெரியுதா தம்பி?"

"எது டாக்டர்?" என்று கேட்டான் அண்ணன்.

அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் சொன்னது பொய். அவன் வீட்டிலேயே விட்டுப்போன பைக் ஒரு கீறல்கூட இல்லாமல் கீழே ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது. ஸ்கூல் யூனிஃபார்மோடு என்னைப் பின்னால் உட்கார வைத்து, அப்பா அதில்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். பைக் இங்கே இருக்கே, எதில் சறுக்கினான் என்று இப்போது கேட்டுவிடுவார், இதோ கேட்டுவிடுவார் என்று வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே வந்தேன். கேட்கவில்லை. பாவம், மகன் விழுந்த பதற்றத்தில் எதையும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

டாக்டரோடு அப்பா வெளியே போனார். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் அண்ணன் காதருகே குனிந்தேன்.

"மாடியிலேர்ந்துதானே விழுந்தே?"

"மெதுவா பேசுடி எலி."

அவனுடைய ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அப்பாவிடம் சொல்ல முடியாததற்குக் காரணமே அப்பாவின் வேலைதான். புதிதாகக் கட்டும் கடையோ ஹோட்டலோ ஆபீஸோ, தனக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கை மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்து எடுத்தாக வேண்டும். அனல் மின்நிலையப் புகையைக் குறைக்கப் போட்ட சட்டம். அப்பா மாடியேறிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் திறப்பு விழா. ஆபீஸில் அவருக்கு 'ரூல்ஸ்' என்றே பெயர். போகிற இடத்தில் டீ நீட்டினால்கூட, "வீட்லயே குடிச்சுட்டேன்" என்று நகர்ந்துவிடுவார்.

அண்ணன் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, பேனல் மாட்டும் கான்ட்ராக்டர் தானே வீடு தேடி வந்து அவனை அழைத்துக்கொண்டு போனார். அம்மா அன்றைக்குத்தான் பல நாளைக்கு அப்புறம் சிரித்தாள். வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் அண்ணன் என்னிடம் உண்மையைச் சொன்னான்.

"எல்லா பில்டிங்குக்கும் ஒரே பேனல்தாண்டி. அப்பா பாத்துட்டுப் போனதும் கழட்டி, அடுத்த பில்டிங் மாடிக்கு ஏத்திடுவோம். யாராவது வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டு சேரை வாங்கிப் போடுவோமே, அந்த மாதிரி."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"உசுரையே விட்டுடுவாரு. வேற வேலை கிடைக்கட்டும், விட்டுத் தொலைச்சிடறேன். அதுவரைக்கும் உளறிக் கொட்டிடாதே."

நான் உளறவில்லை. இப்போது அவன் உதடு காய்ந்துபோய்ப் படுத்திருந்தான்.

"சீக்கிரம் கழட்டணும்னு போல்ட் போட மாட்டோம், கயிறு மட்டும்தான். காலையில அடிச்ச காத்துல ஒண்ணு கிளம்பிடுச்சு. புடிக்கப் போனேன், என்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிடுச்சு."

"மிச்ச பேனல்?"

"அந்த ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மாடி விளிம்புலதான் இருக்கு. கீழ வாசல். நாளைக்குத் திறப்பு விழா முடிஞ்சதும் எறக்கிடுவாங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "எலி, என் கால் மேல போர்வை இருக்கா?"

இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அப்பா உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கப் பயமாக இருந்தது.

"அம்மா வர்றவரைக்கும் பக்கத்துல இரு. அந்தப் புது ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்கு ஒரு கையெழுத்து பாக்கி. போட்டுட்டு வந்துடறேன்."

அதே கட்டடம். நாளைக்கு அந்த வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள், எத்தனை குழந்தைகள் பலூனோடு நிற்கும் என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன். அண்ணன் தலையை அசைத்து வேண்டாம் வேண்டாம் என்றான். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்தேன்.

"கையெழுத்துப் போடாதீங்கப்பா."

"ஏம்மா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேனலை, கயிற்றை, பைக் பொய்யை. சொல்லச் சொல்ல அப்பா சுருங்கிக்கொண்டே வந்தது போலிருந்தது. அங்கிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"அண்ணனை போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடாதீங்கப்பா. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் மறைச்சான். இப்பகூட உங்களை நெனச்சுத்தான் பயந்துட்டிருக்கான்."

அப்பா என் தலையில் கை வைத்தார். பிறகு போனை எடுத்து எண்களை அழுத்தினார்.

"நாளைக்குத் திறக்கக் கூடாது. பேனலை இப்பவே கீழ எறக்குங்க. இல்ல, நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தப் பக்கம் கான்ட்ராக்டர் கத்துவது எனக்கே கேட்டது.

"சொல்லுங்க. யார்கிட்ட வேணா போய்ச் சொல்லுங்க," என்று அப்பா போனை வைத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவரு என்னப்பா சொல்லப் போறாரு?"

அப்பா அண்ணன் படுத்திருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காசு வாங்கலம்மா. உங்கண்ணனுக்கு ஒரு வேலைதான் கேட்டேன்."