ஒரே பலகையில்

கணவனின் கேமரா பையில் அந்தப் படம் அகப்பட்டது. அலைச்சறுக்குப் பலகைமேல் கைவிரித்து நிற்கும் இளம்பெண். நீர்த்துளிகள் பாதி முகத்தை மறைத்திருந்தன. மனைவிக்கு வயிறு எரிந்தது.

“யாருங்க இவ?”

“நல்லா இருக்குல்ல? நான் வைக்கப்போற அலைச்சறுக்குப் படக் கண்காட்சியில முதல் படமே இதுதான்.”

“நீங்க எடுத்ததா?”

“நான் எப்படி எடுக்கிறது? நானும் அதே பலகையிலதான் இருந்தேன்.”

“ஒரே பலகையிலயா? என்னை ஒருநாளாவது ஏத்தியிருப்பீங்களா? சரி, படத்துல உங்களைக் காணோமே?”

“வயித்துக்குள்ள இருந்தேன். அம்மாவுக்கு அப்போ நாலாம் மாசம். எடுத்தது அப்பா.”

அவள் தன் மேடிட்ட வயிற்றைத் தடவியபடி படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். எரிச்சல் இரட்டிப்பானது.

“பிள்ளைத்தாச்சி கடல்ல கால்கூட நனைக்கக் கூடாதுன்னு காலையில என்னை விரட்டின அத்தையா இது?”