ஆயிரம் இருநூறான காலை

கம்பெனியின் பங்குதாரர் பிரிவில் வேலை பார்ப்பவள் ஃபோனை எடுத்ததும் அந்தக் குரல் காதைக் கிழித்தது. பழக்கமான குரல்தான். பங்கைப் பிரித்த அந்தக் காலையில் அவள் வாங்காத திட்டு இல்லை.

“நேத்து ஆயிரத்துக்கு இருந்த பங்கு இன்னிக்கு இருநூறு. என் வயித்துல அடிச்சது யாரு?”

“நஷ்டம் எதுவும் இல்ல சார். பத்து ரூபா முகமதிப்பு உள்ள ஒரு பங்கை, ரெண்டு ரூபா பங்கா அஞ்சாப் பிரிச்சிருக்கோம். விலை அஞ்சுல ஒண்ணாச்சு, உங்க பங்கு அஞ்சு மடங்காச்சு. மொத்தம் அதேதான்.”

“அதேதான்னா எதுக்குப் பிரிக்கணும்? வேற வேலைவெட்டி இல்லையா?”

“விலை குறைஞ்சா சின்ன ஆளுங்களும் வாங்குவாங்கன்னு இயக்குநர்கள் கூட்டத்துல முடிவு பண்ணினாங்க சார்.”

“எந்த மடையன் பண்ணினான்? பேரைச் சொல்லு. சொல்லலைன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது.”

அவள் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

“குறிப்பெடுக்க நானும் கூட்டத்துல இருந்தேன் சார். முதல்ல கை தூக்கினது... சேர்மன் சார், நீங்கதான்.”

கொட்டாவி விட்டுக்கொண்டே தூக்கினார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

மறுமுனையில் சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்போ யோசிச்சுத்தான் செஞ்சிருப்பேன்.”