துறை மாற்றம்

டீன் அறை வாசலில் காத்திருந்த மாணவி, பக்கத்து நாற்காலியில் இருந்த நரைத்த தலைக்காரரிடம் புலம்பினாள்.

"உயிரியல் அமைப்புகள் பொறியியல்னு கேட்டதும், பொண்ணு பாதி டாக்டர்னு நினைச்சு அம்மா சேர்த்துவிட்டுட்டாங்க சார். இங்க வந்தா தானியம் உலர்த்துற மெஷினும் சாண எரிவாயுத் தொட்டியும்தான். மூச்சு முட்டுது. கட்டடக்கலைக்கு மாற இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"எனக்கும் அதே துறைதாம்மா. வேணாம்னு சொல்ல வாய் வரல. நேத்து தலையில கட்டிட்டாங்க."

"பிடிக்காத இடத்துல எதுக்கு சார் மாட்டிக்கிட்டு இருக்கணும்? தைரியமா சொல்லிடுங்க!"

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது பத்து வயது குறைந்தவர் போலிருந்தார். "சொல்லிட்டேன், விட்டுட்டாங்க. நீ நல்லா இருப்பம்மா!" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

மாணவி துள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். விண்ணப்பத்தைப் பார்த்த டீன் அம்மா தலையாட்டினார்.

"தாராளமா மாறிக்கலாம். உங்க துறைத் தலைவர் கையெழுத்து மட்டும் வேணும்."

"அவர் எங்க இருப்பார் மேடம்?"

"நேத்துதான் புதுசா ஒருத்தரைப் போட்டோம். இப்பதான் ராஜினாமா பண்ணிட்டுப் போறார். அடுத்த ஆள் வர மாசக்கணக்காகும்."

டீன் அம்மா பெருமூச்சு விட்டார்.

"வெளியில யாரோ ஒரு பொண்ணு தைரியம் சொல்லி அனுப்பினாளாம்."